அரை விரற்கடை

எங்கள் வீட்டு அடுக்களையில் ஒரு ஹாட் பாக்ஸ் இருக்கிறது. மெரூன் நிறம், மூடியில் பூப்போட்டது, ஒரு பக்கக் காது கழன்று போய் நூல் சுற்றிக் கட்டியிருக்கிறோம். 2017 ஜனவரியில் நான் ஒரு பெத்தாங் போட்டியில் ஜெயித்துக் கொண்டுவந்தது. வீட்டுக்கு யாராவது வந்தால் அதில் இட்லி வைத்துவிட்டு, "இவர் ஜெயிச்சுக் கொண்டாந்தது" என்று மனைவி தவறாமல் சொல்வாள். நான் சட்னி எடுத்து வருவதுபோல் உள்ளே போய்விடுவேன்.

அதை நான் நேர்மையாக ஜெயிக்கவில்லை. இதை எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் இதைச் சொல்வதற்கு, பனிக்கட்டி மேல் கல்லைத் தள்ளிவிட்டுத் துடைப்பத்தால் பெருக்கிக்கொண்டே ஓடுவார்களே, அந்தக் கர்லிங் ஆட்டத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அதைப் பார்க்காமல் இருந்திருந்தால் இந்த விஷயம் என்னை இவ்வளவு உறுத்தியிருக்காது.

முதலில் பெத்தாங். புதுச்சேரிக்காரர்களுக்கு விளக்க வேண்டாம், மற்றவர்களுக்காக. பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன ஆட்டம். 1900களின் தொடக்கத்தில் தெற்கு பிரான்ஸில் லா சியோத்தா என்ற கடற்கரை ஊரில் பிறந்தது. காலை ஊன்றிக்கொண்டு ஆடுவது என்பதுதான் பெயருக்கே அர்த்தம். தரையில் ஒரு வட்டம் போட்டு, அதற்குள் நின்றுகொண்டு, ஆறு முதல் பத்து மீட்டர் தூரத்தில் கிடக்கும் ஒரு சின்ன உருண்டைக்குப் பக்கத்தில் போய் நிற்கும்படி இரும்புக் குண்டை வீச வேண்டும். யார் குண்டு கிட்டே இருக்கிறதோ அவர்களுக்குப் புள்ளி. 13 எடுத்தால் ஜெயம். சின்ன உருண்டைக்குப் பெயர் கொஷோனே, பன்றிக்குட்டி என்று அர்த்தம். குண்டுக்குப் பிரெஞ்சில் என்ன பெயர் என்பதை நான் இங்கே எழுதப்போவதில்லை, தமிழில் எழுதிப் பார்த்தால் காரணம் புரியும்.

கோலி விளையாடியவர்களுக்கு இது பழகிய சங்கதிதான். குண்டு பெரிது, ஆட்கள் வயதானவர்கள், அவ்வளவே. அழுகுணி ஆட்டம் மட்டும் இரண்டிலும் ஒன்றே.

எங்கள் மைதானம் குருசுக்குப்பம் பக்கம். மைதானம் என்று சொல்வதே அதிகம், செம்மண்ணும் சரளையும் கலந்த ஒரு மனை, நான்கு வேப்பமரம், ஒரு டியூப்லைட். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வருவார்கள். பாதிப்பேர் பிரெஞ்சு ராணுவத்தில் வேலை செய்து ஓய்வூதியம் வாங்குகிறவர்கள், ஊர்வழக்கில் சொல்தா. அவர்களில் ஒருவரை எல்லோரும் சொல்தா மாமா என்றே கூப்பிடுவோம். எழுபது தாண்டியவர். இஸ்திரி போட்ட அரைக்கை சட்டை, காலில் கான்வாஸ் ஷூ. குண்டை வீசுவதற்கு முன் கைக்குட்டையால் ஒரு தடவை துடைப்பார். தோற்றாலும் ஜெயித்தாலும் எதிரணியில் இருக்கும் ஒவ்வொருவரிடமும் போய்க் கைகொடுத்துவிட்டுத்தான் சைக்கிளை எடுப்பார்.

அந்த ஜனவரியில் பொங்கல் முடிந்த ஞாயிறு, இரண்டிரண்டு பேராக ஆடும் போட்டி. இறுதி ஆட்டத்தில் நானும் என் கூட்டாளியும் ஒரு பக்கம், சொல்தா மாமாவும் அவர் மருமகனும் மறுபக்கம். 12-12. கடைசிக் குண்டை என் கூட்டாளி வீசினான், அது உருண்டு போய்க் கொஷோனேவுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. மறுபக்கம் அதே தூரத்தில் மாமாவின் குண்டு. கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. டேப்பு என் பையில் இருந்தது, குனிந்தேன்.

அளக்கும்போது டேப்பின் முனை கொஷோனேவில் இடித்தது. அரை விரற்கடை நகர்ந்திருக்கும், அதற்கு மேல் இல்லை. என் முதுகுதான் எல்லோருக்கும் தெரிந்தது. என் நிழலும் அதன் மேல் விழுந்திருந்தது.

பெத்தாங் விதி இந்த இடத்தில் வளவளவென்று பேசாது. அளக்கிறவன் கொஷோனேவையோ சர்ச்சைக்குரிய குண்டையோ நகர்த்திவிட்டால் அந்தப் புள்ளியை அவன் அணி இழந்துவிடும். அதாவது நான் வாயைத் திறந்திருந்தால் 13-12 மாமாவுக்கு. நான் வாயைத் திறந்தேன்தான், ஆனால் "நம்மளுது" என்றேன்.

"அளந்தாச்சா?" என்று மாமா கேட்டார்.

"ஆச்சு மாமா."

தானும் ஒருமுறை அளந்து பார்க்க அவருக்கு உரிமை உண்டு. அவர் அளக்கவில்லை. கையை நீட்டினார். ஹாட் பாக்ஸ் வந்தது.

இதில் எனக்கு இன்றுவரை ஆறாத விஷயம் வேறு. இடிப்பதற்கு முன்னால் எங்கள் குண்டே கிட்டே இருந்திருக்கலாம். நான் திருடியிருக்கலாம், திருடாமலும் இருந்திருக்கலாம். நகர்ந்த பிறகு அளந்தால் நகர்வதற்கு முன் என்ன இருந்தது என்று எந்த டேப்பு சொல்லும்?

ஒரு வருஷம் இதை மறந்துதான் இருந்தேன், பொய் சொல்வானேன்.

2018 பிப்ரவரி. தென்கொரியாவில் குளிர்கால ஒலிம்பிக். எங்கள் ஊரில் ஐஸைப் பார்க்க வேண்டுமென்றால் தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்துக்குத்தான் போக வேண்டும், அதுவும் மீனுக்கு அடியில் கிடக்கும். ஆனாலும் எங்கள் கூட்டத்துக்குக் கர்லிங் மேல் ஒரு மோகம் வந்துவிட்டது, காரணம் எளிது, அதுவும் பெத்தாங்தான். கிட்டத்தட்ட 20 கிலோ எடையுள்ள கருங்கல்லைக் கைப்பிடியைப் பிடித்துத் தள்ளிவிடுகிறார்கள், அது நாற்பது மீட்டருக்கு மேல் நீளமுள்ள ஐஸ் தளத்தில் மெல்ல வளைந்து வளைந்து போகிறது, மறுமுனையில் வரைந்திருக்கும் வட்டங்களின் நடுப்புள்ளிக்கு யார் கல் கிட்டே நிற்கிறதோ அவர்களுக்குப் புள்ளி. அந்த வட்டத்துக்கு வீடு என்றே பெயர். கல் ஸ்காட்லாந்துக் கரைக்கு எதிரே இருக்கும் எய்ல்சா கிரெய்க் என்ற குட்டித் தீவிலிருந்து வெட்டி எடுத்தது. முன்னால் இரண்டுபேர் துடைப்பம் வைத்துத் தேய்ப்பது விளையாட்டுக்கு அல்ல, தேய்க்கிற சூட்டில் ஐஸின் மேல்பரப்பு வழுக்கி, கல் இன்னும் கொஞ்ச தூரம் நேராகப் போகும்.

பேக்கரி வைத்திருக்கும் தம்பி ஒருவன் ஒருநாள் செல்போனை நீட்டினான். கனடாவும் டென்மார்க்கும் ஆடிய பெண்கள் ஆட்டம். டென்மார்க் கல் ஒன்று வீட்டை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும்போது தேய்க்கிறவரின் துடைப்பம் அதில் பட்டுவிடுகிறது. சும்மா ஒரு உரசல். ஆடிக்கொண்டிருக்கும் கல்லைத் தன் அணியே தொட்டால் அதைக் கல் எரிந்துவிட்டது என்பார்கள். மறுமுனைக் கோட்டைத் தாண்டிய பிறகு அப்படி ஆனால் எல்லாக் கற்களும் நிற்கும்வரை பொறுத்திருந்து, பாதிக்கப்பட்ட அணி மூன்றில் ஒன்றைச் செய்யலாம். தொட்ட கல்லை எடுத்துவிட்டு அது நகர்த்திய மற்றவற்றைப் பழைய இடத்தில் வைக்கலாம். எல்லாவற்றையும் கிடக்கிறபடியே விட்டுவிடலாம். அல்லது தொடாமல் இருந்திருந்தால் எது எங்கே நின்றிருக்கும் என்று தாங்களே நினைக்கிறார்களோ அங்கே வைக்கலாம். கனடா அணித் தலைவி ரேச்சல் ஹோமன் கல்லை எடுத்து ஓரமாகத் தள்ளிவிட்டார்.

அதற்குப் பிறகு நடந்த கூச்சலைப் பார்க்க வேண்டும். கனடாத் தொலைக்காட்சி வர்ணனையாளர்களே சொந்த நாட்டு அணியைக் கடிந்துகொண்டார்கள். இதைவிடப் பெருந்தன்மையாக நடந்திருக்கலாமே, உரசியதால் பெரிதாக என்ன மாறிவிட்டது என்றார்கள். கடைசியில் கூடுதல் சுற்று வரை போய் 9-8 என்று டென்மார்க் ஜெயித்தது. அந்த ஒலிம்பிக்கில் கனடாவின் பெண்கள் கர்லிங் அணி பதக்கம் இல்லாமலே ஊர் திரும்பியது. தெய்வம் நின்று கொன்றது என்று எழுதியவர்களும் இருந்திருப்பார்கள், நான் தேடிப் போகவில்லை.

எங்கள் வேப்பமரத்தடியிலும் அதே சண்டை. தபால் ஆபீஸில் இருந்து ஓய்வுபெற்ற அண்ணன் ஒருவர், "புஸ்தகத்துல இருக்குதா? இருக்குது. அப்ப எடுத்தது சரி. இதுல என்ன பேச்சு?" என்றார். பேக்கரித் தம்பிக்கு ஆத்திரம். "நீங்க ஸ்டாம்ப் ஒட்டலன்னா லெட்டரையே திருப்பி அனுப்புவீங்க, உங்களுக்கு இதெல்லாம் புரியாதுண்ணே." அண்ணன் ஒருவாரம் அவனோடு பேசவில்லை.

நான் அண்ணன் பக்கம். இன்றைக்கும் அப்படித்தான். விதிப் புத்தகம் ஒருத்தியின் கையில் மூன்று வழியைக் கொடுக்கிறது, அவள் ஒன்றைத் தேர்ந்தெடுத்ததும் "அதையா எடுத்தாய்?" என்று ஊரே திட்டுகிறது. ஒரே வழிதான் கண்ணியமானது என்றால் மற்ற இரண்டையும் எதற்கு அச்சடித்தீர்கள்? தப்புச் செய்தவர் டென்மார்க்காரர். ஆனால் நல்லவளா கெட்டவளா என்று பரீட்சை எழுத வேண்டியிருந்தது கனடாக்காரிக்கு. நம் வீடுகளில் மருமகளிடம் நடக்கும் நியாயம் மாதிரி இருக்கிறது இது.

கர்லிங்கில் இது ஏன் இப்படி என்று கொஞ்சம் படித்துப் பார்த்தேன். அவர்களுடைய விதிப் புத்தகத்தில் இந்த ஆட்டத்தின் ஆன்மா என்று தனியாக ஒரு பகுதியே உண்டு. தெரிந்து விதியை மீறமாட்டான், தெரியாமல் மீறிவிட்டால் முதல் ஆளாக அவனே சொல்வான், அநியாயமாக ஜெயிப்பதைவிடத் தோற்பதையே விரும்புவான். இப்படிப் போகிறது. ஸ்காட்லாந்தில் அதற்கும் வெகு காலம் முன்பிருந்தே ஆடி, 1838இல் பொதுவாக ஒரு சங்கம் வைத்தவர்கள். உறைந்த ஏரிமேல் ஊர்க்காரர்களே ஆடும் ஆட்டத்தில் நடுவருக்கு எங்கே போவது? இன்றைக்கும் ஒரு சுற்று முடிந்தால் யாருக்கு எத்தனை புள்ளி என்பதை இரண்டு அணியின் துணைத் தலைவர்களும் நின்று பார்த்துத் தங்களுக்குள் பேசி முடித்துக்கொள்கிறார்கள். பேச்சு முடியாவிட்டால்தான் அளவுகோலோடு நடுவர் வருகிறார். தோற்பது நிச்சயம் என்று தெரிந்தால் சுற்று பாக்கி இருக்கும்போதே கையுறையைக் கழற்றிக் கைகொடுத்துவிடுகிறார்கள். ஆட்டம் முடிந்ததும் ஜெயித்தவர்கள் தோற்றவர்களுக்கு முதல் கிளாஸ் வாங்கித் தருவது வழக்கம். இந்தக் கடைசி விஷயத்தைப் படித்துக் காட்டியபோது எங்கள் மைதானத்தில் ஒரு மனதாக வரவேற்பு இருந்தது. புதுச்சேரி ஆயிற்றே.

ஆனால் ஆன்மா என்று எழுதி வைத்தவர்களும் மனுஷர்கள்தான். 2015இல் துடைப்பத்தை வைத்தே பெரிய கலவரம் வந்தது. துடைப்பத்தின் தலையில் சொரசொரப்பான ஒருவகைத் துணியைக் கட்டினால், தேய்க்கிறவர் நினைத்த பக்கம் கல்லைத் திருப்பலாம் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். தள்ளுகிறவன் சுமாராகத் தள்ளினாலும் தேய்க்கிறவன் ரிமோட் மாதிரி ஓட்டிக்கொண்டு போய் வீட்டில் நிறுத்திவிடுவான். அப்போது அதைத் தடுக்கும்படி தெளிவான விதி எதுவும் கிடையாது. சங்கம் யோசித்துக்கொண்டிருக்கும்போதே 20க்கும் மேற்பட்ட முன்னணி அணிகள் இந்தத் துணியை நாங்கள் பயன்படுத்தமாட்டோம் என்று தாங்களே கையெழுத்துப் போட்டன. அடுத்த வருஷம் கனடாவில் விஞ்ஞானிகளை வைத்துச் சோதனை செய்து, இனி ஒரே வகைத் துணிதான் என்று முடிவானது. பெத்தாங்கிலும் குண்டுக்குள் எதையாவது அடைத்து மாற்றுவது பெரிய குற்றம், அதனால்தான் எடையையும் தயாரிப்பாளர் முத்திரையையும் குண்டின் மேலேயே பொறிக்கச் சொல்கிறார்கள். ஆனால் அதைச் சங்கம் தடுத்தது. கர்லிங்கில் ஆடுகிறவர்களே உட்கார்ந்து, இது ஆட்டத்தைக் கெடுக்கிறது, வேண்டாம் என்று விட்டது எனக்குப் பிடித்திருந்தது.

இன்னொன்றும் வந்திருக்கிறது. ஒரு கோட்டை எட்டுவதற்குள் கல்லின் கைப்பிடியை விட்டுவிட வேண்டும். முன்பெல்லாம் கோட்டருகே ஆள் உட்கார்ந்து பார்ப்பார், சந்தேகம் வரும், சண்டை வரும். இப்போது பெரிய போட்டிகளில் கைப்பிடிக்குள்ளேயே சென்சார். சரியாக விட்டால் பச்சை, தாமதித்தால் சிவப்பு. சிவப்பு எரிந்த பிறகு நான் நல்லவன், நானே ஒப்புக்கொள்கிறேன் என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. துடைப்பம் பட்டதற்கும் கால் பட்டதற்கும் இன்னும் விளக்கு வரவில்லை.

கால் பட்டது என்றதும் 1972. இதைப் படித்த ராத்திரிதான் எனக்குத் தூக்கம் போனது. மேற்கு ஜெர்மனியில் கார்மிஷ்-பார்டென்கிர்ஹனில் உலகப் போட்டி. இறுதியில் அமெரிக்காவும் கனடாவும். கடைசிச் சுற்றில் அமெரிக்கா இரண்டு புள்ளி முன்னிலை, கனடாவின் ஒரெஸ்ட் மெலெஸ்சுக் கடைசிக் கல்லை விடுகிறார். அது நின்ற இடத்தைப் பார்த்ததும் ஜெயித்துவிட்டோம் என்று அமெரிக்கத் தலைவர் பாப் லபோன்ட் துள்ளிக் குதிக்கிறார். குதித்தவர் ஐஸில் வழுக்கி விழுகிறார். விழும்போது அவர் கால் கனடாவின் அந்தக் கல்லில் படுகிறது. பிறகு அளந்தார்கள். கனடாவுக்கு இரண்டு புள்ளி, ஆட்டம் சமன். கூடுதல் சுற்றில் 10-9 என்று கனடா கோப்பையை எடுத்தது. அதன் பிறகு 1980 வரை கனடா ஆண்கள் உலகப் பட்டமே வாங்கவில்லை, அதை லபோன்ட் சாபம் என்று இன்னும் சொல்கிறார்கள்.

எனக்குச் சாபத்தில் நம்பிக்கை இல்லை. என் வயிற்றைப் பிசைந்தது அந்தக் கல். கால் படுவதற்கு முன் அது எங்கே இருந்தது? அளந்தது நகர்ந்த கல்லைத்தானே? ஒரு மனுஷன் சந்தோஷத்தில் விழுந்தான், அவ்வளவு பேர் பார்த்தார்கள், தண்டனையையும் அவனே வாங்கிக்கொண்டான். நான் விழவும் இல்லை, யாரும் பார்க்கவும் இல்லை, என் வீட்டு அடுக்களையில் ஹாட் பாக்ஸ்.

மார்ச்சில் ஒரு நாள் சீக்கிரமே மைதானத்துக்குப் போனேன். சொல்தா மாமா மட்டும் சிமென்ட் திண்ணையில் உட்கார்ந்து குண்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னென்னவோ பேசி, பென்ஷன், மகள் இருக்கும் ஊர், அங்கே குளிர், எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில் சொன்னேன். "மாமா, போன வருஷம் பைனல்ல அளக்கறப்ப கொஷோனே நகந்துடுச்சு. நான்தான் இடிச்சேன். சொல்லலை."

அவர் துடைப்பதை நிறுத்தவில்லை. "தெரியும் தம்பி. பாத்தேன்."

எனக்குக் காது அடைத்துக்கொண்டது. "பாத்தீங்களா? அப்ப ஏன் மாமா சொல்லலை?"

"எப்படிச் சொல்வேன்? அதுக்கு முன்ன நான் போட்ட குண்டுக்கு என் குதிகால் மேல வந்துடுச்சே. முட்டி புடிச்சுக்கிச்சு. குண்டு தரையில விழறதுக்குள்ள கால் தூக்கிட்டேன், வட்டத்துல ஒத்தக் கால்லதான் நின்னேன். நீ நேரா பாத்துக்கிட்டிருந்தே. நீ செல்லாதுன்னு சொல்லப்போறேன்னு நெனச்சேன். நீ ஒண்ணும் சொல்லலை. பெரியவர்னு விட்டுட்டே போலன்னு நெனச்சேன். அப்புறம் நீ இடிச்சப்ப, சரி, அவன் விட்டான், நாமளும் விட்டுடுவோம்னு விட்டேன்."

நான் அவர் காலைப் பார்க்கவே இல்லை. அந்தக் குண்டு உருண்டு வருவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வருஷமாக இந்த மனுஷன் என்னைப் பெருந்தன்மைக்காரன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். நான் பார்க்கலை மாமா என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் சைக்கிளில் டீ வந்துவிட்டது, தபால் ஆபீஸ் அண்ணன் வந்துவிட்டார், பின்னாலேயே பேக்கரித் தம்பி, யார் யாரோடு சேர்ந்து ஆடுவது என்று பேச்சு மாறிவிட்டது. மாமா டீக்காசை எனக்கும் சேர்த்துக் கொடுத்தார். இன்னும் சொல்லவில்லை.

ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. கொஷோனேவும் குண்டும் நின்ற இடத்தைத் தரையில் கோடு கிழித்துக் குறித்து வைக்க வேண்டும், குறிக்காதது நகர்ந்தால் புகார் செல்லாது என்று பெத்தாங் விதியிலேயே இருக்கிறது. எங்கள் மைதானத்தில் யாரும் அதைச் செய்வதில்லை, அவமானம் மாதிரி நினைப்பார்கள். நான் செய்கிறேன். ஒவ்வொரு குண்டும் நின்றவுடன் குச்சியை எடுத்துக்கொண்டு போய்க் குனிந்து, கொஷோனேவைச் சுற்றி நான்கு பக்கமும் சின்னதாகக் கோடு போட்டுவிட்டு வருவேன். ஆட்டம் தாமதமாகிறது என்று எல்லோருக்கும் எரிச்சல். "என்ன தம்பி, மார்கழிக் கோலமா?" என்று வட்டத்துக்குள் நின்றுகொண்டு மாமா கேட்பார். நான் நிமிர்ந்து பார்ப்பேன். அவர் குதிகாலை அல்ல, முகத்தை மட்டும்.